எஞ்சினைப் பிரிக்கும் முன்: ஸ்கேனரா, வேக்கம் கேஜா, கம்ப்ரஷனா, லீக்டவுனா?

பழைய பெட்ரோல் கார் ஒன்று திணற ஆரம்பித்தால் முதலில் காதில் விழுவது "எஞ்சின் வேலை செய்யணும்" என்பதுதான். புகை தள்ளுகிறதா, எஞ்சின் வேலை. மேட்டில் இழுக்கவில்லையா, எஞ்சின் வேலை. ஸ்லோவில் நின்றால் நடுங்குகிறதா, அதற்கும் அதே. ரிங் (பிஸ்டனைச் சுற்றிக் கசிவை அடைக்கும் வளையம்) தேய்ந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் பல நேரம் தெளிவான பதில் வராது. பதில் தரக்கூடிய கருவிகள் நான்கு இருக்கின்றன. எது எதைச் சொல்லும், எது எங்கே ஏமாற்றும் என்று தெரிந்தால் நல்ல எஞ்சின் வீணாகப் பிரிக்கப்படுவதைத் தடுக்கலாம்.

முதலில் ஸ்கேனர், அதாவது காரின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறுக் குறியீட்டை (கோடு) படிக்கும் கருவி. இன்று எல்லோரும் கையில் எடுப்பது இதைத்தான். ஆனால் உங்கள் காரில் அதைச் செருக இடம் இருக்க வேண்டும். கார் தன் கோளாறைத் தானே கண்டறியும் ஓபிடி-2 முறை அமெரிக்காவில் 1996 மாடல்களிலிருந்தும் ஐரோப்பிய பெட்ரோல் கார்களில் 2001 வாக்கிலும் கட்டாயமானது. அதற்கு முந்தைய கார் என்றால் ஸ்கேனர் பெரும்பாலும் உதவாது. கார்புரேட்டர் வண்டிக்கோ பேச்சே இல்லை.

செருக இடம் இருந்தாலும், கோடு சொல்வது எங்கே கோளாறு என்பதைத்தான், ஏன் என்பதை இல்லை. பி0301 வந்தால் முதல் சிலிண்டர் மிஸ் அடிக்கிறது (சரியாக எரியவில்லை) என்று அர்த்தம். பிளக் போயிருந்தாலும் காயில் போயிருந்தாலும் இன்ஜெக்டர் அடைத்திருந்தாலும் வால்வு கருகியிருந்தாலும் அதே கோடுதான். பி0171 வந்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். பாவம், எரிபொருளைவிடக் காற்று அதிகமாக இருக்கிறது என்று அந்த சென்சார் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். எங்கோ ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்துக் காற்று இழுத்துக்கொண்டிருக்கும்.

ஸ்கேனரின் உண்மையான பலம் லைவ் டேட்டாவில் (எஞ்சின் ஓடும்போதே வரும் அளவுகளில்) இருக்கிறது. கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் ஃபியூயல் டிரிம் என்ற எண்ணைப் பாருங்கள். ஸ்லோவில் கூட்டல் 20 சதவீதம் காட்டி, 2500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்தை நெருங்கினால் வேக்கம் லீக்கை (வெளிக்காற்று உள்ளே கசியும் இடத்தை) தேடுங்கள். ஸ்லோவில் சரியாக இருந்து, வேகமும் லோடும் ஏற ஏற எண்ணும் ஏறினால் ஃபியூயல் ஃபில்டர், பம்ப் பக்கம் போங்கள். கோடை மட்டும் படித்துக் காட்டும் மலிவான ஸ்கேனரைவிட இதைக் காட்டும் ஸ்கேனருக்குச் செலவு செய்வது நியாயம்.

எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தை அளக்கும் வேக்கம் கேஜைப் பலர் மறந்தே போய்விட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஒரு பாகத்தைக் கூடக் கழற்ற வேண்டாம். இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்) போகும் ஒரு ஹோஸில் மாட்டினால் போதும். சூடான நல்ல எஞ்சின் ஸ்லோவில் 17 முதல் 21 இன்ச் (பாதரச அளவு) வரை காட்டும், முள் அசையாது. இது கடல் மட்டக் கணக்கு. ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் ஒரு இன்ச் குறையும் என்பதை மலைப்பகுதிக்காரர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முள்ளை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். அசையாமல் நின்று, ஆனால் 15-க்குக் கீழே இருந்தால் டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம் அல்லது வால்வு இயங்கும் நேரம்) பின்தங்கியிருக்கலாம், அல்லது எங்கோ காற்று உள்ளே போகிறது. சீராக, ஒரே தாளத்தில் முள் தட்டித் தட்டி இறங்கினால் ஒரு சிலிண்டரில் வால்வு சரியாக உட்காரவில்லை என்று சந்தேகிக்கலாம். எப்போதாவது மட்டும் இறங்கினால் ஒட்டிக்கொள்ளும் வால்வு. ஆக்சிலரேட்டரை 2500 ஆர்பிஎம்மில் பிடித்தபடி நின்றால், முள் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிகிறதா? சைலென்சரோ கேட்டலிடிக் கன்வெர்ட்டரோ அடைத்திருக்கிறது. வண்டி இழுக்கவில்லை என்று ரிங் மாற்றச் சொல்லும் இடத்தில் இந்த ஒரு சோதனையே பெரிய செலவை மிச்சப்படுத்திவிடும். கார்புரேட்டர் வண்டியில் மிக்சர் ஸ்க்ரூவை முள் அதிகபட்சம் ஏறும் இடத்தில் செட் பண்ணவும் இதே கேஜ் போதும். குறை என்னவென்றால், முள் சந்தேகத்தைத்தான் கிளப்பும், உறுதி செய்யாது. எந்த சிலிண்டர் என்றும் சொல்லாது. டீசல் எஞ்சினில் பொதுவாக இந்த வேக்கமே இருக்காது என்பதால் அங்கே இது செல்லாது.

அடுத்து வருவதுதான் உண்மையான போட்டி: கம்ப்ரஷன் டெஸ்டா, லீக்டவுன் டெஸ்டா?

கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் எழுகிறது என்று அளப்பது, எளிது. எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். எல்லா பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். பிளக் துளையில் கேஜை மாட்டி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் நான்கைந்து சுற்று. பேட்டரி தளர்ந்திருந்தாலோ மிதிக்க மறந்தாலோ எல்லா எண்ணும் குறைவாகத்தான் வரும். அதை நம்பி எஞ்சினைக் குறை சொல்லக் கூடாது. தனி எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் முக்கியம். குறைந்த எண், அதிகமான எண்ணில் 75 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. மூன்று சிலிண்டர் 165-ஐ ஒட்டிக் காட்டி, நான்காவது 110 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) என்றால் அங்கே கோளாறு. அந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களுக்கும் அவற்றின் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு). பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்தால் கேஸ்கெட் மீதுதான் முதல் சந்தேகம். டீசலில் மட்டும் இப்படி ஆயில் விடாதீர்கள், ஆபத்து.

லீக்டவுனில் எஞ்சினைச் சுற்றுவதில்லை. பிஸ்டனை கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து, எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்க்கிறோம். 10 சதவீதத்துக்குள் இருந்தால் ஆரோக்கியமான எஞ்சின். 20 வரை பழைய வண்டிக்குப் பரவாயில்லை. 30-ஐத் தாண்டினால் யோசிக்க வேண்டும். ஆனால் எண்ணைவிடப் பெரிய லாபம் சத்தத்தில் இருக்கிறது. ஏர் ஃபில்டர் பக்கம் 'உஸ்' என்று கேட்டால் இன்டேக் வால்வு. சைலென்சர் வாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் கேட்டால் ரிங். ரேடியேட்டரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல். எஞ்சின் தானே வாய் திறந்து சொல்வது போல. இதற்கு கம்ப்ரசர் வேண்டும், நேரமும் பிடிக்கும். பிஸ்டன் உச்சியிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தாலும் காற்று கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை) சுழற்றிவிடும். கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனரை மாட்டியபடியே வைத்துக் காற்றைத் திறக்கவே கூடாது.

அப்படியானால் லீக்டவுன் இருக்க கம்ப்ரஷன் டெஸ்ட் எதற்கு? இரண்டும் முரண்படும் இடம் ஒன்று உண்டு. எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரஷன் சமமாகக் குறைவு, லீக்டவுனோ நன்றாக இருக்கிறது என்றால், ரிங்கும் வால்வும் சரியாகத்தான் இருக்கின்றன. கேம் டைமிங் (வால்வுகள் திறந்து மூடும் நேரம்) தவறியிருக்க வாய்ப்பு அதிகம். டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கலாம். கம்ப்ரஷன் கேஜை மட்டும் நம்பியிருந்தால் இந்த எஞ்சினை "முழுசா தேய்ஞ்சுடுச்சு" என்று பிரித்துப் போட்டிருப்பார்கள்.

இரண்டுமே கைவிடும் இடமும் உண்டு: ஆயில் குடிக்கும் எஞ்சின். வால்வு ஸ்டெம் சீல் (வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் அடைப்பு) கெட்டிருந்தாலும் ஆயில் ரிங் கரி பிடித்து ஒட்டியிருந்தாலும் கம்ப்ரஷனும் லீக்டவுனும் ஒன்றுமே இல்லாதது போலக் காட்டலாம். இங்கே புகை எப்போது வருகிறது என்பதுதான் சாட்சி. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்து சற்று நேரத்தில் அடங்கினால் சீல். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு, பிறகு மிதிக்கும்போது வந்தாலும் சீல் அல்லது வால்வு கைடு (வால்வுத் தண்டு ஓடும் குழல்). லோடில் ஏறும்போது விடாமல் வந்தால்தான் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். பல எஞ்சின்களில் ஹெட்டைக் கழற்றாமலே, சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வைப் பிடித்து நிறுத்தி சீல் மாற்றிவிடலாம். ரிங் மாற்றுவதோ எஞ்சினையே பிரிக்கும் வேலை. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

எதை வாங்குவது? கார்புரேட்டர் வண்டிக்காரர் வேக்கம் கேஜையும் கம்ப்ரஷன் கேஜையும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். இன்ஜெக்ஷன் வண்டிக்கு லைவ் டேட்டா காட்டும் ஸ்கேனரும் கம்ப்ரஷன் கேஜும். லீக்டவுன் டெஸ்டரை வீட்டில் வைத்திருக்கத் தேவையில்லை. ஆனால் ஹெட்டைக் கழற்றலாம் என்று யாராவது சொன்னால், முதலில் லீக்டவுன் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டரில் வால்வு கசிகிறது என்று அது காட்டினாலும் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். வால்வு கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் இடையிலான இடைவெளி) இறுகியிருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) வைத்துப் பார்த்து, அட்ஜஸ்ட் செய்து, அதே சிலிண்டரில் மறுபடி காற்று கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். அப்போதும் கசிந்தால் ஹெட்டைக் கழற்றலாம்.