பேக்கஸ் 6 மிமீ பிரெஞ்சுக் காலாட்படை: தள்ளி நின்று பார்க்க வேண்டிய சிப்பாய்கள்

பாக்கெட்டைப் பிரித்ததும் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேக்கஸ் என்ற நிறுவனம் மேஜைப் போர் விளையாட்டுக்காகச் செய்யும், நாமே பெயிண்ட் அடிக்க வேண்டிய, 6 மிமீ உயரப் பொம்மைச் சிப்பாய்கள் இவர்கள். நெப்போலியன் காலத்து பிரெஞ்சு லைன் (சாதாரண) காலாட்படை, 96 பேர். நாலு நாலு பேராகச் சேர்த்து வார்த்த உலோகப் பட்டைகள். மொத்தப் படையும் உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒரு பட்டையை எடுத்துக் கண்ணருகே பிடித்தால் தலை பெரிசு, துப்பாக்கி அளவுக்கு மீறிய தடிமன், முகத்தில் மூக்கு என்று ஒரு மேடு இருந்தால் அதிகம். 28 மிமீ சிப்பாய்களின் மீசைக்கு ஷேடிங் கொடுத்துப் பழகின எனக்கு "இதுக்கா காசு கொடுத்தோம்" என்று ஆகிவிட்டது. மச்சினன் வந்து பார்த்துவிட்டு, "எறும்புக்குச் சட்டை தைக்கப் போறீங்களா அத்தான்?" என்று கேட்டான்.

அதே பட்டையை மேஜையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நில்லுங்கள். தடியாக இருந்த துப்பாக்கி அப்போதுதான் துப்பாக்கியாகத் தெரிய ஆரம்பிக்கும். நிஜ விகிதத்தில் செய்திருந்தால் அந்தத் தூரத்தில் கண்ணுக்கே படாது, கை பட்ட மாத்திரத்தில் வளைந்தும் போகும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இதைச் செதுக்குகிற பேக்கஸ்காரர்கள் எதை விட வேண்டும், எதைப் பெரிதாக்க வேண்டும் என்று யோசித்தே செய்திருக்கிறார்கள். பெயிண்டையும் அந்தத் தூரத்துக்குத்தான் அடிக்க வேண்டும். இது புரியாதவரைக்கும் 6 மிமீ எரிச்சலாகத்தான் இருக்கும்.

பிரெஞ்சுக் கோட்டு கருநீலம். வல்லேஹோ என்ற பெயிண்ட் நிறுவனத்தின் டார்க் பிரஷ்யன் ப்ளூ 28 மிமீ சிப்பாய்க்கு அருமையான நிறம். இங்கே அடித்தால் வெறும் கறுப்பாகத் தெரியும். உருவம் சின்னதாக ஆக நிறம் இருட்டிப் போகும். எனவே சந்தேகம் வேண்டாம், கொஞ்சம் கூச்சமில்லாத நீலமாகவே எடுங்கள். பட்டைகளை ஐஸ்கிரீம் குச்சியில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் வைத்து நிறுத்தி, கறுப்பு அண்டர்கோட் (அடிப்பூச்சு) அடித்து, நீலத்தை ஓரம் வரை கொண்டுபோகாமல் நிறுத்திக்கொண்டால் போதும். மிச்சம் தெரிகிற கறுப்பே நிழல். வாஷ், அதாவது பள்ளங்களில் இறங்கும் நீர்த்த கருநிறப் பெயிண்ட், வேண்டாம் என்பது என் கட்சி. கஷ்டப்பட்டு ஏற்றின பளிச்சென்ற நிறத்தை அது மறுபடி மங்கடிக்கும்.

அடுத்தது முதுகு. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. விளையாடும்போது நம் படைக்குப் பின்னால்தான் நாம் நிற்கிறோம். மணிக்கணக்கில் நாம் பார்ப்பது நம் சிப்பாயின் முதுகைத்தான். பிரெஞ்சுக்காரன் முதுகில் முடியோடு கூடிய கன்றுத்தோல் பை, அதன் மேலே சுருட்டிக் கட்டிய ஓவர்கோட்டு. பைக்குச் செம்பழுப்பு, சுருட்டலுக்கு வெளிர் சாம்பல், வாருக்கு இரண்டு வெள்ளைக் கீற்று. இதை ஒழுங்காக அடித்தால் பாதிப் படை முடிந்த மாதிரி. பிரிட்டிஷ்காரனுக்கு அதே இடத்தில் கறுப்புப் பை, சாம்பல் போர்வைச் சுருள். எதிராளி பார்ப்பது நம் பிரெஞ்சுக்காரனின் முன்பக்கம்: வெள்ளை மார்பு, கழுத்திலும் மணிக்கட்டிலும் ஒரு பொட்டு சிவப்பு, முகத்துக்குச் சதை நிறத்தில் ஒரே ஒரு தொடல். கண் வரைய நினைப்பவர்களை அன்போடு தடுத்து நிறுத்துங்கள்.

சிப்பாய்களை ஒட்டி நிறுத்தும் அடிப்பலகையான பேஸ் 60க்கு 30 மிமீ. ஒரு பட்டை 20 மிமீ அகலம் என்பதால் வரிசைக்கு மூன்று, இரண்டு வரிசை, ஆக 24 பேர். ஒரு பேஸ் ஒரு பட்டாலியன். ஒரு பாக்கெட்டில் நாலு பட்டாலியன் நின்றுவிடும். இங்கே ஒரு கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1808-ல் பிரெஞ்சு பட்டாலியனை ஆறு கம்பெனியாக (உட்பிரிவாக) மாற்றினார்கள்: நாலு ஃபியூசிலியர் (சாதாரணச் சிப்பாய்கள்), வலது ஓரத்தில் கிரெனடியர் (தேர்ந்தெடுத்த வீரர்கள்), இடது ஓரத்தில் வோல்டிஜர் (முன்னால் பரவிச் சுடுகிறவர்கள்). 24-ஐ ஆறால் வகுத்தால் கம்பெனிக்கு நாலு பேர். அதாவது இரண்டு வரிசையிலும் வலக்கோடி இரண்டு பேருக்குத் தொப்பியில் சிவப்பு, இடக்கோடி இரண்டு பேருக்கு மஞ்சள். எட்டே எட்டுப் புள்ளிதான். ஆனால் விவரம் தெரிந்தவன் எதிரே உட்கார்ந்தால் குனிந்து பார்ப்பான்.

பிரஷ் விஷயத்தில் ஒரு கடைக்காரர் "6 மிமீ-க்கென்றே செய்தது" என்று மூன்று சைபர் நம்பர் பிரஷ் ஒன்றைத் தலையில் கட்டினார். அதில் பெயிண்ட் நிற்கவே இடமில்லை, சிப்பாயைத் தொடுவதற்குள் நுனியிலேயே காய்ந்துவிடும். வின்சர் அண்ட் நியூட்டன் சீரீஸ் 7-ல் 1-ஆம் நம்பர் வாங்குங்கள். விலை அதிகம்தான், ஆனால் நுனி ஊசியாக நிற்கும், வயிறு பெயிண்டைத் தாங்கும்.

கொடி காகிதத்தில் அச்சடித்தது, தனியாக வாங்க வேண்டும். வெட்டி, பசை தடவி, கம்பைச் சுற்றி மடித்து, ஈரம் காய்வதற்குள் லேசாக நெளித்துவிட வேண்டும். காய்ந்த பிறகு வெட்டின ஓரத்தில் வெள்ளைக் காகிதம் பல்லிளிக்கும். அங்கே கொடி நிறத்தையே மெல்ல இழுத்துவிடுங்கள். 1808 உத்தரவுப்படி கம்பின் உச்சியில் கழுகுச் சிலை வைத்த மூவர்ணக் கொடி முதல் பட்டாலியனுக்கு மட்டும். இரண்டாவதுக்கு வெறும் வெள்ளை, மூன்றாவதுக்குச் சிவப்பு. நான் எல்லோருக்கும் மூவர்ணமே கொடுத்துவிட்டேன். அழகு முக்கியமில்லையா?

28 மிமீ-யில் பெர்ரி நிறுவனத்தின் பிளாஸ்டிக் பெட்டியில் 42 பேர். அந்தக் காசில் இதில் இரண்டு பாக்கெட்டாவது வரும். நடுவில் வார்லார்ட் நிறுவனத்தின் எபிக் வரிசை இருக்கிறது, 13.5 மிமீ பிளாஸ்டிக், பத்துப் பத்துப் பேராக. விவரம் அதிகம். ஆனால் ஆட்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்பதால் இடையில் பிரஷ் விட எனக்குப் பொறுமை போதாது.

சின்ன உருவத்தின் அருமை தெரிய வேண்டுமானால் லண்டன் செல்சியில் உள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் வில்லியம் சைபோர்ன் செய்த வாட்டர்லூ போரின் மாதிரியைப் போய்ப் பாருங்கள். 1838-ல் மக்கள் பார்வைக்கு வந்தது. மாலை 7:15 மணிப் போர்க்களம், சுமார் 10 மிமீ உயரத்தில் 70,000-க்கும் மேற்பட்ட உருவங்கள். அங்கே தனி ஆள் கண்ணில் படுவதே இல்லை. படைகள்தான் தெரியும், அவற்றுக்கு நடுவே காலி நிலம் தெரியும். 28 மிமீ-யில் என் மேஜையில் ஒருநாளும் கிடைக்காதது அந்தக் காலி நிலம்தான். 6 மிமீ-யில் ஒரு டிவிஷனை நிறுத்தின பிறகும் குதிரைப்படை பக்கவாட்டில் சுற்றி வர இடம் மிச்சம் இருக்கிறது.

ஒற்றைச் சிப்பாயை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். மற்றவர்கள் முதல் பாக்கெட்டாக ஓவர்கோட்டு போட்ட பிரெஞ்சுக்காரர்களை எடுங்கள். பழுப்பு, சாம்பல், மணல் நிறம் என்று கைக்கு வந்ததை மாற்றி மாற்றி அடிக்கலாம். போர்முனையில் அவர்களே அப்படிக் கலந்துதான் உடுத்தியிருந்தார்கள், கோட்டு மூடிவிடுவதால் வெள்ளை மார்பு என்ற தலைவலியும் இருக்காது.