கம்பளியா, பைசன் தோலா?

1825 முதல் 1840 வரை வட அமெரிக்காவின் ராக்கி மலைகளில், ஓடைகளில் வாழும் பீவர் என்ற கொறிவிலங்கைத் தோலுக்காகப் பிடித்துத் திரிந்தவர்கள் குளிருக்குப் போர்த்திக்கொண்டவை முக்கியமாக இரண்டு: இங்கிலாந்தில் நெய்த கம்பளி, அங்கிருந்த சமவெளிப் பழங்குடிப் பெண்கள் பதப்படுத்திய பைசன் (அமெரிக்கக் காட்டெருமை) தோல்.

படுத்துத் தூங்க மட்டும் என்றால் தோலுக்கு ஈடே கிடையாது. அடர்ந்த முடியை அப்படியே விட்டு, உட்புறத்தைச் சுரண்டி, விலங்கின் மூளையைத் தேய்த்து மென்மையாக்குவார்கள். நாள்கணக்கில் பிடிக்கும் வேலை. அந்தப் பெண்களின் கைத்திறனை நாம் போதுமான அளவு பேசுவதே இல்லை. ஆனால் தோல் கனம். நனைந்தால் லேசில் காயாது.

பீவர் பிடிப்பவருக்கோ ஓடைத் தண்ணீரில் இறங்கித்தான் பொறி வைக்க வேண்டும். அங்கே கம்பளிதான் கைகொடுக்கும்: ஈரமானாலும் ஓரளவு சூடு காக்கும், வெட்டித் தைத்தால் தலைமூடி வைத்த கோட்டாகிவிடும். இந்தக் கம்பளிகளின் ஓரத்தில் சிறு கருநீலக் கோடுகள் இருக்கும். எத்தனை கோடோ, கம்பளிக்கு அத்தனை பீவர் தோல் விலை என்று பலரும் எழுதுகிறார்கள், தவறு. அவை குறிப்பது அளவை. மடித்து அடுக்கிய கட்டைப் பிரிக்காமலேயே சிறிதா பெரிதா என்று தெரிந்துவிடும்.

அலையும் மாதங்களுக்கு நான் கம்பளியையே எடுப்பேன். பனிக்கால முகாமில் ஓரிடமாகத் தங்கும்போது தோல்.