வெள்ளவத்தை - கோட்டை ரெயின், அஞ்சு புள்ளிக்கு மூண்டரை

கொழும்பில கோட்டைப் பக்கம் வேலைக்குப் போறவை பஸ்ஸ விட்டுட்டு ரெயின்ல போங்கோ. 100, 101 எல்லாம் காலி றோட்டில ஒவ்வொரு சந்தியிலயும் நிண்டு நிண்டுதான் போகும், உள்ளுக்க கால் வைக்க இடமில்ல, கொண்டக்டர் இன்னும் "இஸ்ஸரஹட்ட யன்ன" (முன்னுக்குப் போங்கோ) எண்டு சிங்களத்தில கத்திக்கொண்டு நிப்பார். ரெயின் கடற்கரையோட போறதால ட்ராபிக்கும் இல்ல, இடப்பக்கம் நிண்டா கொள்ளுப்பிட்டி மட்டும் நல்ல காத்து (வெயில் நாளில அதுவே பெரிய விசயம்), டிக்கெட்டும் மலிவு.

சனம்தான் பிரச்சினை. பாணந்துறை, மொரட்டுவையிலயே நிரம்பி வரும், இப்ப வெள்ளவத்தையில ஃபிளாட் வாடகை குடுக்கேலாம தெஹிவளை, கல்கிசைக்குப் போன எங்கட ஆக்களும் அதிலதான், பிறகு எங்களுக்கு சீற் எங்க? பெடியள் வாசல்ல தொங்கிக்கொண்டு வருவாங்கள், சின்னப் பிள்ளையளோட ஒஃபிஸ் டைம்ல ஏறவே ஏறாதேங்கோ.

மாலபே பக்கத்தாருக்கு இதுவும் இல்ல பாவம், ஜப்பான் கடன்ல கோட்டைக்கு வர இருந்த லைட் ரெயில 2020ல கவர்மென்ட் நிப்பாட்டிப் போட்டுது.

ஒவ்வொரு நாளும் போறதெண்டா சீசன் டிக்கெட் எடுங்கோ, லைன்ல நிண்டு மினக்கெடத் தேவையில்ல.