ஐடி ஆளை அனுப்பிவிட்டு வெளி ஒப்பந்தம் போடப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

சொந்த ஐடி ஆட்களை அனுப்பிவிட்டு வெளி நிறுவனத்திடம் எல்லாவற்றையும் ஒப்படைப்பவர்கள் முதலில் ஏமாறுவது "4 மணி நேர ரெஸ்பான்ஸ்" என்ற வரியில். அதற்குள் சர்வர் சரியாகிவிடும் என்று நம்பிக் கையெழுத்துப் போடுகிறார்கள். ரெஸ்பான்ஸ் என்றால் டிக்கெட்டை, அதாவது உங்கள் புகார்ப் பதிவைத் திறந்து "பார்க்கிறோம்" என்று பதில் போடுவது, அவ்வளவுதான். சர்வர் 2 நாள் படுத்துக் கிடந்தாலும் ஒப்பந்தம் மீறப்பட்டதாகாது. பழுதைத் தீர்ப்பதற்கான கெடு தனியாக இருக்கிறதா, தவறினால் கட்டணத்தில் எவ்வளவு கழியும் என்று பாருங்கள்.

பேக்கப்பில் நடப்பது இன்னும் மோசம். மாதாமாதம் பச்சை நிறத்தில் "சக்ஸஸ்" அறிக்கை வரும். வேலை ஓடி முடிந்தது என்பதற்குத்தான் அது சாட்சி. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளை அப்படியே காப்பி எடுத்தால் காப்பி இருக்கும், ஆனால் திறக்காமல் போகலாம். 3 மாதத்துக்கு ஒருமுறை வேறொரு மெஷினில் முழுவதையும் ரீஸ்டோர் செய்து, எத்தனை மணி நேரம் பிடித்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால், பேக்கப்பே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டொமைனை, அதாவது உங்கள் வெப்சைட்டும் மெயிலும் இயங்கும் இணையப் பெயரை, ஒப்பந்தக்காரர் தன் பெயரில் பதிந்துவிடுவதும் வழக்கம். விலகும் நாளில்தான் அது தெரியவரும். பதிவு உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். அந்தக் கணக்கின் மெயில் முகவரி அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் பாஸ்வேர்டை மீட்கும் மெயிலும் வந்து சேராது. கிளவுட், ஃபயர்வால் இரண்டிலும் தலைமை அட்மின் கணக்கு ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும்.

ஒப்பந்தக்காரர் நேர்மையானவராக இருந்தாலும் ஆபத்து உண்டு. 2021 ஜூலை 2 அன்று ஒப்பந்த நிறுவனங்கள் வாடிக்கையாளர்களின் கணினிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கப் பயன்படுத்தும் கசேயா விஎஸ்ஏ என்ற மென்பொருளின் ஓட்டை வழியே, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் பரவியது. நேரடியாக அடிபட்டவை சில டஜன் ஒப்பந்த நிறுவனங்கள்தான். அவற்றின் வழியே பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர் நிறுவனங்கள் 1,500 வரை இருக்கலாம் என்று அதைத் தயாரித்த கசேயா நிறுவனமே சொன்னது.

இதையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே கேட்டிருக்கக்கூடியவர் உங்கள் பழைய ஐடி ஆள்தான். ஆனால் பல இடங்களில் அவர் ஆண்டுக்கணக்காக பிரின்டரும் பாஸ்வேர்ட் ரீசெட்டும் பார்த்தே சலித்துப் போயிருப்பார். சிஸ்டம் அட்மின், நெட்வொர்க், செக்யூரிட்டி என்று மேலே போகும் படி அவருக்குக் காட்டப்பட்டிருக்காது. மேனேஜர் ஆனால்தான் சம்பளம் கூடும் என்ற விதி, நல்ல டெக்னிகல் ஆளை வெளியே தள்ளிவிடும். மேனேஜர் ஆகாமலே உயரும் பதவிகளை வையுங்கள். வாரத்தில் அரை நாள் படிக்கவும் சோதித்துப் பார்க்கவும் விடுங்கள். டிக்கெட்டுகளை முதலில் எடுக்க ஒரு ஜூனியரைக் கொடுங்கள்.

ஒப்பந்தத்தில் ஏற்கனவே சிக்கியிருந்தால், விலகல் நோட்டீஸ் கொடுக்கும் முன்பே டொமைனை உங்கள் கணக்குக்கு மாற்றி, பேக்கப்பின் முழு நகல் ஒன்றையும் வாங்கி ரீஸ்டோர் செய்து பார்த்துவிடுங்கள். நோட்டீஸ் போன பிறகு உங்கள் டிக்கெட்டுகளுக்குப் பதில் வருவது குறைந்துவிடும்.