எச்சரிக்கை: ஸ்பிரிங் பிரேக்குக்குக் கடற்கரை வீடு பதிவு செய்ததில் 2,850 டாலரை இழந்தோம்

நேற்று முன்தினம் இரவுதான் ஹூஸ்டனுக்குத் திரும்பினோம். கோபம் ஆறிய பிறகு எழுதலாமே என்று மனைவி சொன்னாள். ஆறிவிட்டால் எழுத மாட்டேன் என்பது எனக்குத் தெரியுமாதலால் இப்போதே எழுதுகிறேன். பிள்ளைகளின் ஸ்பிரிங் பிரேக் விடுமுறைக்காக ஃபுளோரிடாவின் டெஸ்டின் கடற்கரையில் ஐந்து இரவுகளுக்கு ஒரு வீட்டைப் பேசி, 2,850 டாலரை முன்கூட்டியே முழுவதுமாகக் கொடுத்துவிட்டு, ஒன்பது மணி நேரத்துக்கு மேல் காரோட்டிப் போய்ச் சேர்ந்தபோது, அந்த எண்ணில் வீடே இல்லை. ஏமாற்றிய ஆளைப் பற்றி மட்டுமல்லாமல், அந்த ஆளை எங்கள் கண்ணில் காட்டிய இணையத்தளமும் எங்கள் வங்கியும் அதன் பிறகு எங்களை நடத்திய விதத்தையும் சொல்லிவிட்டு, வீடு பதிவு செய்யுமுன் எவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்பதை முடிவில் விரிவாக எழுதுகிறேன்.

எந்த ஊருக்குப் போவது என்பதை மட்டும் மூன்று வாரம் பேசினோம். ஹூஸ்டனைச் சுற்றியுள்ள பள்ளி மாவட்டங்கள் பெரும்பாலும் மார்ச் நடுவில் ஒரே வாரத்தில் விடுமுறை விடுவதால், அந்த வாரத்தில் விமானச் சீட்டும் விடுதி அறையும் என்ன விலைக்குப் போகும் என்பதை இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆர்லாண்டோ என்றான் மகன். ஐந்து பேருக்கு நுழைவுச் சீட்டின் விலையைக் கூட்டிப் பார்த்ததோடு அந்தப் பேச்சு முடிந்தது. கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருப்பதால் மார்ச்சிலும் அங்கே பனி கிடக்கும். வாஷிங்டனின் செர்ரிப் பூக்கள் பெரும்பாலும் மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோதான் முழுதாக மலரும் என்பதால் எங்கள் வாரத்துக்கு ஒத்துவரவில்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, ஆறு மாத விசாவில் எங்களோடு தங்கியிருக்கும் என் மாமியார் திருச்செந்தூரில் பிறந்து வளர்ந்தவர். ஊருக்குத் திரும்புமுன் இந்த நாட்டுக் கடலை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. கால்வெஸ்டன் ஒரு மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறது, ஆனால் ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் வண்டலால் அங்கே தண்ணீர் பழுப்பாகத்தான் இருக்கும். சவுத் பாட்ரே தீவில் அந்த வாரம் கல்லூரி மாணவர்களின் கூத்து. அப்பலாச்சியன் மலைகளிலிருந்து காலங்காலமாக அடித்து வரப்பட்ட வெண்குவார்ட்ஸ் மணலும், பச்சை நிறக் கடலும், பத்தாம் எண் நெடுஞ்சாலையில் நேராகப் போய்விடும் வழியும் சேர்ந்து டெஸ்டினை முடிவு செய்ய வைத்தன. அந்தத் தேர்வில் இன்றைக்கும் நான் குறை காணவில்லை. ஊரைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டவன், வீட்டைத் தேர்ந்தெடுக்க நாற்பது நிமிடம்தான் எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி கடைசி ஆகிவிட்டதால் நல்ல வீடுகள் எல்லாம் போய்விட்டிருந்தன. விடுமுறை வீடுகளை வாடகைக்கு விடும் பெரிய இணையத்தளம் ஒன்றில், கடலைப் பார்த்த இரண்டு படுக்கையறை வீடு ஒன்று எங்கள் வாரத்துக்கு மட்டும் காலியாக இருந்தது. உரிமையாளரின் பெயருக்குப் பக்கத்தில் ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்ற முத்திரையும் இருந்தது. சேவைக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து 3,310 டாலர் என்று தளம் காட்டியது. மாமியாருக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் இருப்பதால் படி ஏற வேண்டியிருக்குமா என்று கேட்டு எழுதினேன். பதிலுக்கு அவர் என் கைப்பேசி எண்ணைக் கேட்டார், கொடுத்தேன். அடுத்த ஐந்து நிமிடத்தில் அழைத்தார்.

இத்தனைக்கும் நான் எளிதில் யாரையும் நம்புகிறவன் அல்லன். ஆனால் அந்த மனிதர் பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. வீடு தரைத்தளம்தான், ஒரு படிகூட ஏற வேண்டாம், தன் தாயாருக்கும் முழங்கால் வலி என்பதால் குளியலறையில் கைப்பிடி பொருத்தி வைத்திருப்பதாகச் சொன்னார். நாங்கள் சைவம், வீட்டிலேயே சமைப்போம் என்றதும், சமையலறையில் என்னென்ன பாத்திரங்கள் இருக்கின்றன என்று பொறுமையாக அடுக்கினார். பேச்சு முடிந்த பத்தாவது நிமிடம் குளியலறைக் கைப்பிடியின் படம் வந்தது. அந்தப் படத்தை மாமியாரிடம் காட்டினேன். “யாரோ எவரோ, அம்மாவை நல்லாப் பாத்துக்கிற பிள்ளை போல இருக்கு மாப்பிள்ளை” என்றார். அந்தக் கைப்பிடியில்தான் நான் விழுந்தேன்.

மறுநாள்தான் பணப் பேச்சு வந்தது, அதுவும் எனக்கு உதவி செய்வதுபோல. தளத்தின் வழியாகப் போனால் இருவருக்கும் கட்டணம் வீண், நேரடியாகக் கொடுத்தால் ஐந்து இரவுக்கு 2,250, துப்புரவுக்கு 250, திருப்பித் தரும் வைப்புத் தொகை 350, ஆக மொத்தம் 2,850 டாலர் போதும் என்றார். கையெழுத்திட வேண்டிய ஒப்பந்தம் ஒன்றையும் ஓட்டுநர் உரிமத்தின் படத்தையும் அனுப்பினார். நான் 460 டாலர் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். வங்கிச் செயலியிலேயே இருக்கும் உடனடிப் பணமாற்று வழியில், 1,425 டாலர் வீதம் இரண்டு நாளில் இரண்டு தவணையாக அனுப்பினேன். பெறுபவர் பெயர் வேறாக இருந்ததற்கு அது மனைவியின் கணக்கு என்று விளக்கம் சொன்னார். இவரை உங்களுக்கு நேரில் தெரியுமா என்று செயலி கேட்டது. ஆம் என்று தொட்டவன் நான்தான். அதை மறைத்து எழுத விரும்பவில்லை.

சனிக்கிழமை விடியற்காலையில் இட்லி மாவைப் பனிக்கட்டிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினோம். போக்குவரத்து நெரிசலில் ஊர்ந்து டெஸ்டினை அடைந்தபோது இருட்டிவிட்டது. முகவரியில் கட்டடம் இருந்தது, படத்தில் பார்த்த அதே கட்டடம்தான். ஆனால் அது தூண்களின் மேல் நின்றது, தரைத்தளம் முழுவதும் கார்கள். 104 என்ற எண்ணைத் தேடி அந்தக் கார்களுக்கு நடுவே நான் இரண்டு முறை சுற்றி வந்தேன். காவலாளி கைவிளக்கோடு வந்து விசாரித்துவிட்டு, இங்கே தரைத்தளத்தில் வீடே கிடையாது என்றார். புயல் நேரத்தில் கடல் பொங்கி ஏறும் இடமென்று வரையறுக்கப்பட்ட பகுதிகளில் வீடுகளை உயர்த்தித்தான் கட்ட வேண்டும், கீழே வண்டி நிறுத்தவும் சாமான் போடவும் மட்டுமே அனுமதி என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கடலை ஒட்டிய அந்தக் கட்டடத்தில் படியேறாத வீடு என்று என்னிடம் சொல்லப்பட்ட சொல்லே பொய்யின் முதல் அடையாளமாக இருந்திருக்கிறது; அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் நான் நிம்மதி அடைந்தேன்.

வீடு தருவதாகச் சொன்னவனை இதற்கு மேல் ‘அவர்’ என்று எழுதக் கை வரவில்லை. அழைத்ததும் முதல் முறை எடுத்தான். பராமரிப்பு ஆளை அனுப்புகிறேன், இருபது நிமிடம் காத்திருங்கள் என்றான். இருபது நிமிடம் கழித்து அந்த எண்ணுக்கு மணியே போகவில்லை. மகள் காரிலேயே தூங்கிவிட்டாள், மகன் ஒன்றும் பேசவில்லை. மாமியார்தான், “பணம் போனா போகுது மாப்பிள்ளை, முதல்ல பிள்ளைங்களுக்குச் சாப்பிட ஏதாவது குடுங்க” என்றார். ஊருக்குள் அறையே இல்லை. வடக்கே கிரெஸ்ட்வியூவில் நெடுஞ்சாலையோர விடுதி ஒன்றில் ஒரே அறை கிடைத்தது. நள்ளிரவில் கட்டில்மேல் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். மறுநாள் ஒகலூசா தீவின் பொதுக் கடற்கரையில் ஒரு மணி நேரம் மாமியார் கடலைப் பார்த்தார். மணல் ரவை மாதிரி இருக்கிறது என்று ஒரு பிடி அள்ளிக் காட்டினார். இரண்டு இரவு அறை வாடகையைத் தனிக் கணக்கில் வைத்திருக்கிறேன். இங்கே பேசுவது அந்த 2,850 டாலரைப் பற்றி மட்டும்.

இணையத்தளத்தை அந்த இரவே தொடர்புகொண்டேன். முதலில் இயந்திரம் பதில் சொன்னது; பிறகு வந்த மூன்று ஊழியர்களும் இயந்திரத்தைப் போலவே, உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது என்று தொடங்கி, 72 மணி நேரத்தில் முடிவு தெரியும் என்று முடித்தார்கள். அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. எங்கள் வழியாகப் பணம் செலுத்தப்படாததால் எங்கள் பாதுகாப்புத் திட்டம் பொருந்தாது, புகார் முடித்துவைக்கப்பட்டது என்று திங்கட்கிழமையே மின்னஞ்சல் வந்துவிட்டது. வெளியே பணம் கொடுத்தது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்று முத்திரை குத்தினீர்களே, எதைச் சரிபார்த்தீர்கள் என்று கேட்டபோது, மின்னஞ்சல் முகவரியையும் கைப்பேசி எண்ணையும் மட்டும்தான் என்றார்கள். வீடு இருக்கிறதா என்பதை ஒருவரும் பார்க்கவில்லை.

வங்கியில் நாற்பது நிமிடம் இசை கேட்க வைத்துவிட்டு, நீங்களே அனுமதித்த பரிமாற்றம் என்பதால் இது அனுமதியற்ற பரிமாற்றத்தில் சேராது என்றார்கள். 1978ஆம் ஆண்டின் மின்னணுப் பணமாற்றுச் சட்டம் காப்பது, நமக்குத் தெரியாமல் பிறர் எடுத்த பணத்தையாம். திருடன் கை வைத்து எடுத்திருந்தால் 2,850 டாலரும் திரும்பியிருக்கும். நானே தூக்கிக் கொடுத்ததால் திரும்பாது. எழுத்தில் முறையிட்டதற்கு இன்று காலை அதே பதில் ஒரு பத்தியில் வந்தது. கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்தில், அதாவது அந்த மாவட்டக் காவல்துறையில், மட்டும்தான் ஒருவர் முழுக் கதையையும் கேட்டு, புகார் எண் கொடுத்தார். பணம் வரும் என்று நம்பிக்கை கொடுக்கவில்லை, அந்த நேர்மைக்காக அவருக்கு நன்றி. மத்திய வணிக ஆணையத்திலும் எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்திருக்கிறேன்.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், ஆனால் மறுபடி வங்கியை அழைக்க வேண்டியிருக்கிறது, ஆகவே சுருக்கமாக. தளத்துக்கு வெளியே ஒரு காசு கொடுக்காதீர்கள். உடனடிப் பணமாற்று வழியில் முன்பின் தெரியாதவருக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். கடன் அட்டையாக இருந்தால் விவரப்பட்டியல் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் எழுதி முறையிடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஃபுளோரிடாவில் விடுமுறை வீடுகளுக்கு மாநில உரிமம் வேண்டும், அந்த எண்ணைக் கேட்டு மாநிலத் துறையின் தளத்தில் பாருங்கள். வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதைக் கவுண்டி சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தின் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். நான் திரும்பி வந்த பிறகு பார்த்தேன், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. குறுகிய கால வாடகைக்கு வரி உண்டு, வரியே இல்லாத பில் வந்தால் சந்தேகப்படுங்கள். படங்களை இணையத்தில் போட்டுத் தேடிப் பாருங்கள்.

கடைசியாகச் சொன்னதை இன்று மதியம்தான் நான் செய்தேன். அதே சோபா, அதே சமையலறை, அதே குளியலறைக் கைப்பிடி, அதே இணையத்தளத்தில் வேறொரு பெயரில், அலபாமாவின் கல்ஃப் ஷோர்ஸ் ஊரில் இருப்பதாகப் போடப்பட்டிருக்கின்றன. புகார் செய்தேன், 72 மணி நேரத்தில் பார்ப்பதாகப் பதில் வந்தது. ஈஸ்டர் வாரத்தில் இன்னும் நான்கு இரவுகள்தான் மிச்சம் என்று சிவப்பு எழுத்தில் காட்டுகிறது.