ஊரே ஓடுகிற படமா, ஊரே உடைகிற படமா?

பொங்கல் விடுமுறைக்குச் சத்துவாச்சாரி வீட்டு மொட்டை மாடியில் வாடகை புரொஜெக்டர் வைத்துப் படம் போடுவது என் பொறுப்பு. இந்த வருஷம் போர்ப் பீதியைக் கிண்டலடிக்கும் காமெடிதான் என்று முடிவானது. போட்டி இரண்டு படங்களுக்குள்: ஸ்பீல்பெர்க்கின் ‘1941’ (1979), நார்மன் ஜூவிசனின் ‘தி ரஷ்யன்ஸ் ஆர் கமிங், தி ரஷ்யன்ஸ் ஆர் கமிங்’ (1966). கடைசியில் ரஷ்யர்களைத்தான் போட்டேன்.

பிரம்மாண்டம் என்றால் ‘1941’தான், சந்தேகமே இல்லை. ஜான் பெலூஷி, டான் அய்க்ராய்ட், ஜப்பானிய நீர்மூழ்கித் தலைவராக தோஷிரோ மிஃபுனே. ராட்சத ராட்டினம் கழன்று உருண்டு கடலில் விழும் காட்சிக்குப் பசங்கள் விசில் அடித்திருப்பார்கள். அடிப்படையும் நிஜம்: 1942 பிப்ரவரி 25 விடிவதற்குள், ஜப்பான் விமானங்கள் வந்துவிட்டன என்ற பயத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் வானத்தை நோக்கி 1,400-க்கும் மேல் பீரங்கிக் குண்டுகளைச் சுட்டார்கள், விழுந்த எதிரி விமானம் ஒன்றுகூட இல்லை. நான் பார்த்தது சுமார் 2 மணி நேரப் பிரதி. நீளமான பிரதி இதைவிடத் தேவலாம் என்கிறார்கள், இருக்கலாம்.

எனக்கு முக்கியம் ஒன்றே ஒன்று: பயம் எப்படி வளர்கிறது என்று படம் காட்டுகிறதா? ‘1941’-இல் முதல் காட்சியிலேயே எல்லோரும் பைத்தியம். அரை மணியில் காது வலித்துவிடும். ரஷ்யர்கள் படத்தில் ஒரு சோவியத் நீர்மூழ்கி அமெரிக்கத் தீவின் கரையோரம் தரைதட்டி நிற்கிறது. அதை இழுத்துவிட ஒரு படகு வேண்டும், அவ்வளவுதான். ஆலன் ஆர்க்கின் தலைமையில் ஒன்பது பேர் கரையேறுகிறார்கள். அது நமக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. டெலிபோனில் வாய்க்கு வாய் மாறி, விமான நிலையத்தில் பாராசூட்டில் குதித்துவிட்டார்கள் என்கிற வரைக்கும் போகிறது. ஒரு பெரியவர் வாளை உருவிக்கொண்டு கிளம்புகிறார். ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்துவிடுவதால்தான் சிரிப்பு மனசில் தங்குகிறது. பேச்சு அதிகம், அது குறைதான். ஆயாவுக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

ஆயாவுக்கு இந்தக் கதை புதிதில்லை. 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில் ஜப்பான் குண்டு விழுந்ததும் மெட்ராஸில் பாதிப் பேர் மூட்டை கட்டினார்கள். அப்போது ஆயாவுக்கு ஐந்து வயது. அவர் அப்பா விளக்கணைத்த இருட்டில் நகைப்பெட்டியை இடுக்கிக்கொண்டு ரயிலேறி, காட்பாடியில் இறங்கித் திறந்து பார்த்தால் கடுகும் வெந்தயமும். எடுத்து வந்தது அஞ்சறைப்பெட்டி. அந்த வாரம் முழுக்கக் குடியாத்தத்தில் சொந்தக்காரர்கள் இதைச் சொல்லியே சிரித்தார்களாம்.

வாள் தூக்கியவர் திரையில் வந்ததும் ஆயா என் தோளைத் தட்டினார். “ஏண்டா கண்ணு, அந்த ஆளு எங்கப்பா மாதிரியே கீறாரே. அவர் கையில இருக்கறது கத்திதானா, நல்லா பாத்தியா?”