களியக்காவிளை எல்லையில் நீதிமன்ற ஆவணம் தேடுவோருக்கு: இ-கோர்ட்ஸ் சேவையும் நகல் பிரிவும்

விளவங்கோடு வட்டத்தில் ஒரு விளையையோ (தோட்ட நிலத்தையோ) வீட்டுமனையையோ விலை பேசுகிறவர்கள் முதலில் வில்லங்கச் சான்று எடுக்கிறார்கள். அதில் கடன், ஒற்றி எதுவும் இல்லையென்றால் முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சொத்தின் மீது நிலுவையில் இருக்கும் பாகப்பிரிவினை வழக்கோ உரிமை வழக்கோ வில்லங்கச் சான்றில் கட்டாயம் தென்படும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவோ, வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது சொத்தை வாங்கியவர் அந்த வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர் என்கிறது. வழக்கு இருப்பது எனக்குத் தெரியாது என்று பின்னர் சொன்னால் அது எடுபடாது. எனவே நீதிமன்றப் பதிவுகளைத் தேடிப் பார்ப்பது எங்கள் பகுதியில் வக்கீல்களுக்கு மட்டும் உரிய வேலை அல்ல; சொத்து வாங்குகிற, விற்கிற, மகளுக்கு எழுதிக்கொடுக்கிற ஒவ்வொரு குடும்பமும் செய்ய வேண்டிய வேலை. இதற்கு இன்று கையில் இருப்பவை இரண்டு வழிகள்: ஒன்று, நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் இணையதளமும் அதன் கைப்பேசிச் செயலியும், மற்றொன்று, நீதிமன்ற ஆவணங்களுக்குச் சான்றிட்ட நகல் தரும், நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் நகல் பிரிவு. தமிழ்நாடு - கேரள எல்லையின் இரு பக்கத்தையும் மனத்தில் வைத்து இவற்றை மதிப்பிட முயல்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழக்கு எண் தெரிந்தவருக்கு இ-கோர்ட்ஸ் மிகச் சிறந்த சேவை. பெயர் மட்டும் தெரிந்தவருக்கு அது பாதிதான் உதவும். ஆவணமே வேண்டும் என்பவர் நகல் பிரிவின் வாசலுக்குப் போய்த்தான் ஆகவேண்டும்.

ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்ற பதினாறு எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளம் உண்டு. முதல் இரண்டு எழுத்து மாநிலத்தையும் அடுத்த இரண்டு மாவட்டத்தையும் குறிக்கும். பின்வரும் எண்கள் நீதிமன்றத்தையும் வரிசையையும் காட்ட, இறுதி நான்கு எண்கள் ஆண்டைக் காட்டும். இந்த அடையாளம் கையில் இருந்தால் மாநிலம், மாவட்டம், வளாகம் என்று எதையும் தெரிவு செய்ய வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பக்கத்துக் குழித்துறை வழக்கும் கேரளப் பக்கத்து நெய்யாற்றின்கரை வழக்கும் ஒரே பெட்டியில், ஒரே விதமாகத் திறக்கின்றன. கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதும் இல்லை. திறந்த பக்கத்தில் மனுதாரர், எதிர்மனுதாரர், அவர்களுடைய வக்கீல்கள், எந்தச் சட்டப் பிரிவு, எந்த நிலையில் வழக்கு நிற்கிறது, அடுத்த வாய்தா எந்த நாள் என்பவை வரிசையாக இருக்கும். கீழே வாய்தாக்களின் பட்டியல் வரும். அதில் ஒரு தேதியைத் தொட்டால் அன்று நீதிமன்றத்தில் என்ன நடந்தது என்பது ஓரிரு வரியில் விரியும்: சாட்சி வரவில்லை, கமிஷனர் அறிக்கைக்கு ஆட்சேபணை தாக்கல் செய்ய அவகாசம் கேட்கப்பட்டது, இருதரப்பு வாதத்துக்காகத் தள்ளிவைக்கப்பட்டது. முன்பெல்லாம் வக்கீல் குமாஸ்தா வாய்திறந்தால்தான் தெரியவந்த செய்தி இது. வழக்கு ஏன் இத்தனை ஆண்டாக இழுக்கிறது என்று வீட்டில் இருப்பவர்கள் தாங்களே படித்துத் தெரிந்துகொள்ள முடிகிறது என்பதை நான் மிகப் பெரிய நன்மையாகக் கருதுகிறேன். செயலியில் ஒரு வழக்கைச் சேமித்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் எண்ணை உள்ளிட வேண்டிய அவசியமும் இல்லை.

பெயரை வைத்துத் தேடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அதற்கு மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் ஆகிய மூன்றையும் தெரிவு செய்ய வேண்டும். வழக்கு பதிவான ஆண்டையும் கொடுக்க வேண்டும். நாகர்கோவில், பத்மநாபபுரம், இரணியல், குழித்துறை என்று வளாகத்துக்கு வளாகம் தனித்தனியாகத் தேட வேண்டும் என்பதால், ஆண்டும் ஊரும் தெரியாதவர் ஒவ்வொரு ஆண்டாக, ஒவ்வொரு வளாகமாக மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. சொத்து வாங்குகிறவருக்கு வழக்கு எண் எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்தது விற்பவரின் பெயரும் சர்வே எண்ணும்தான். சர்வே எண்ணைக் கொண்டு தேட வழியே இல்லை. சொத்து வழக்குகள் நிறைந்த எங்கள் மாவட்டத்துக்கு இதைவிடப் பெரிய குறை வேறில்லை.

பெயரிலும் எல்லைக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. தங்கப்பன் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது கேரளப் பக்கம் ‘கே’ எழுத்தையும் தமிழ்நாட்டுப் பக்கம் பெரும்பாலும் ‘ஜி’ எழுத்தையும் இடுகிறார்கள். தங்கம், தங்கராஜ், சங்கரன் என்று எந்தப் பெயரை எடுத்தாலும் இப்படி இருவகை எழுத்து வரக்கூடும். இதோடு தந்தை பெயரின் முதலெழுத்தைச் சேர்ப்பவர்களும், புத்தன்வீடு, மேலேவிளைவீடு என்று வீட்டுப்பெயரைச் சேர்ப்பவர்களும் ஒரே குடும்பத்திலேயே இருப்பார்கள். முழுப் பெயரையும் எழுதித் தேடினால் ‘பதிவு இல்லை’ என்று வரும்; அந்த விடையை நம்பி முன்பணம் கொடுத்தவர் பின்னர் சிக்கிக்கொள்வார். மூன்று எழுத்துக்குக் குறையாமல் இருந்தால் தளம் தேடலை ஏற்கும் என்பதால், இருவகை எழுத்துக்கும் பொதுவான ஒரு துண்டை மட்டும் கொடுத்து, ‘நிலுவை’, ‘முடிவுற்றவை’ இரண்டையும் சேர்த்துத் தேடுவதே பாதுகாப்பானது. பட்டியல் நீளமாக வரும். பொறுமையாக வடிகட்ட வேண்டும். அப்படியும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், வழக்கே இல்லை என்று முடிவுகட்டாமல் அந்தந்த நீதிமன்றத்தில் பழக்கமுள்ள ஒரு வக்கீலைக் கொண்டு வழக்குப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்வது நல்லது.

இனி நகல் பிரிவு. தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் தீர்ப்பு படித்துத் தெரிந்துகொள்வதற்கு உரியது. மேல்முறையீட்டுக்கோ வங்கிக்கோ சார்பதிவாளர் அலுவலகத்துக்கோ வேண்டியது சான்றிட்ட நகல். தீர்ப்பும் தீர்ப்பாணையும் தரப்பினர் விண்ணப்பித்தால் அவர்கள் செலவில் தரப்பட வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20-ஆம் கட்டளை சொல்கிறது. குற்ற வழக்கில் சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகல் இலவசம். விண்ணப்பம் எழுதுவது கடினமான வேலை அல்ல. வழக்கு எண், தரப்பினர் பெயர், முடிவான தேதி, எந்தெந்த ஆவணம் வேண்டும் என்ற விவரம், நீதிமன்றக் கட்டண வில்லை ஆகியவை போதும். கட்டணமும் பெரும் சுமை அல்ல.

சான்றிட்ட நகலைக் கையில் வாங்கியதும் முதலில் அதில் இருக்கும் ரப்பர் முத்திரையைப் பாருங்கள். விண்ணப்பித்த நாள், முத்திரைத்தாள் அல்லது கட்டணம் கேட்கப்பட்ட நாள், அது செலுத்தப்பட்ட நாள், நகல் தயாரான நாள், வழங்கப்பட்ட நாள் என்று தேதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக மையில் நிரப்பப்பட்டிருக்கும். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, நகல் பெறத் தேவைப்பட்ட காலம் மேல்முறையீட்டுக் கெடுவில் கழிக்கப்படுகிறது. அந்தக் கணக்கு இந்தத் தேதிகளைக் கொண்டே போடப்படுகிறது. கட்டணம் கேட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட பட்டியலைப் பார்க்காமல் விட்டுவிட்டால் அந்தத் தாமதம் விண்ணப்பித்தவர் தலையில்தான் விழும். விண்ணப்பமே தள்ளுபடியாகவும் கூடும். மாவட்ட அளவிலான ஒரு நீதிமன்றத்தில் இந்தப் பட்டியல் வேறு பல காகிதங்களுக்கு அடியில் ஒட்டப்பட்டிருந்ததையும், மலையோரத்திலிருந்து கூலியை விட்டுவிட்டு வந்த ஒரு முதியவர் அதைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பிப்போனதையும் நேரில் பார்த்திருக்கிறேன். வாய்தா தேதியைக் கைப்பேசியில் காட்டும் ஏற்பாடு இருக்கும்போது, நகல் விண்ணப்பத்துக்குக் கட்டணம் கேட்கப்பட்ட செய்தியைக் குறுஞ்செய்தியாக அனுப்புவதை எல்லா நீதிமன்றங்களும் வழக்கமாக்க வேண்டும். இது உரிமை தொடர்பான விஷயம். வசதி தொடர்பானது மட்டும் அல்ல.

வழக்கில் தரப்பினராக இல்லாதவரும் நகல் கேட்கலாம். ஆனால் எதற்காக வேண்டும் என்று காரணம் காட்டிப் பிரமாணப் பத்திரத்தோடு மனுச் செய்து நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். சொத்தை வாங்கவிருக்கிறேன், இந்த வழக்கின் தீர்ப்பு அதைப் பாதிக்கும் என்பது நியாயமான காரணம். விற்பனை உடன்படிக்கையின் நகலையும் இணைத்தால் மனு வலுப்பெறும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டால் பத்து ரூபாயில் முடியுமே என்று பலர் நினைக்கிறார்கள். நீதிமன்ற விதிகளிலேயே நகல் பெற வழியிருக்கும்போது அந்த வழியில்தான் பெற வேண்டும் என்று குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் மாதத்தில் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே அந்த முயற்சியில் நாளை வீணாக்க வேண்டாம்.

நீதிமன்ற வளாகங்களில் இருக்கும் இ-சேவா மையமும் வட்டாட்சியர் அலுவலகம் போன்ற இடங்களில் சாதிச் சான்று, வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்கும் அரசு இ-சேவை மையமும் வேறு வேறு. வழக்கு நிலையைப் பார்க்கவும் சி.என்.ஆர். எண்ணைத் தெரிந்துகொள்ளவும் உதவுவது முதலாவது. அதைப் பயன்படுத்துவோர் இன்னும் குறைவு என்பது வருத்தத்துக்குரியது.

எல்லையைத் தாண்டி நெய்யாற்றின்கரையில் பெறும் நகல் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அதைக் குழித்துறையில் தாக்கல் செய்ய வேண்டுமானால் மொழிபெயர்ப்பும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்து முதியவர்களில் மலையாளப் பள்ளியில் படித்தவர்கள் உண்டு என்பதால் வீட்டுக்குள் பொருள் புரிந்துவிடும். நீதிமன்றத்துக்கு அது போதாது. மொழிபெயர்ப்பாளருக்கு ஆகும் செலவை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளை பார்க்கும் வீட்டார் செயலியில் பெயரைப் போட்டுப் பார்த்து, குற்ற வழக்கு ஒன்று தென்பட்டதும் சம்பந்தத்தை முறித்துக்கொள்ளும் பழக்கம் பரவிவருகிறது. ஒரே ஊரில் ஒரே பெயரில் நால்வர் இருக்கும் பகுதி இது. தளம் முகவரியைக் கொண்டு ஆளை உறுதிசெய்து தருவதில்லை. வழக்கு இருக்கிறது என்பது குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று பொருள்படாது. தீர்ப்பு வரை படிக்காமல் ஒருவரைப் பற்றி முடிவெடுப்பது பெரும் அநியாயம்.

பழைய ஆவணங்களைத் தேடுவோருக்கு இந்தச் சேவை ஏறத்தாழக் கைகொடுப்பதே இல்லை, எங்களுக்கோ பழைய ஆவணங்கள்தான் உயிர்நாடி. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தவை. மன்னராட்சிக் கால வழக்குகள் கொல்லம் ஆண்டால், அதாவது மலையாள ஆண்டால், எண்ணிடப்பட்டவை; 1118-ஆம் ஆண்டு அசல் வழக்கு என்று பிரமாணத்தில் (சொத்துப் பத்திரத்தில்) எழுதியிருந்தால் அது 1942-43-ஐக் குறிக்கும். ஆண்டுப் பெட்டியில் இந்த எண்ணை இட இடமே இல்லை. ஒரே சொத்தின் மேல்முறையீட்டைப் பின்தொடர்ந்தால், 1949-க்குப் பின் 1956 வரை எறணாகுளத்தில் இருந்த உயர் நீதிமன்றம், அதன்பின் சென்னை உயர் நீதிமன்றம், 2004 ஜூலை முதல் அதன் மதுரைக் கிளை என்று மூன்று ஊர்களின் பதிவறைகளில் தேட வேண்டியிருக்கும். கீழமை நீதிமன்றக் காகிதங்களை விதிப்படி அழிக்க 1917-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றும் இடமளிக்கிறது. எனவே வழக்குக் கட்டு முழுவதும் கிடைக்காவிட்டாலும் வழக்குப் பதிவேட்டையும் தீர்ப்பாணையையும் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். வெறுமனே ‘கட்டு இல்லை’ என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள்.

இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023-இல் 7,210 கோடி ரூபாய் ஒப்புதலானது. அதில் 2,038 கோடிக்கு மேல் வழக்குக் கட்டுகளை ஸ்கேன் செய்து பாதுகாப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பணியில் திருவிதாங்கூர் காலக் கட்டுகளை முன்வரிசையில் வைக்க வேண்டும் என்று குமரி மாவட்ட வழக்கறிஞர் சங்கங்களும் பொதுமக்களும் எழுத்துமூலமாகக் கேட்க வேண்டும். பழைய மலையாளக் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த குமாஸ்தாக்களும் ஆதார எழுத்தர்களும் (பத்திரம் எழுதுவோரும்) குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே அட்டவணையையாவது தயாரித்துவிட வேண்டும். அந்த அட்டவணையில் கொல்லம் ஆண்டும் ஆங்கில ஆண்டும், பழைய சர்வே எண்ணும் புதிய சர்வே எண்ணும், தரப்பினரின் வீட்டுப்பெயரும் தனித்தனிப் பத்திகளில் இடம்பெற வேண்டும்.